மயக்கமருந்து வைத்தியத்தின் முதற் பெண்மணி ரூபா பாய் பர்தூன்ஜி

எமது சங்கத்தின் நூற்றாண்டு மலரில், எம் கல்லூரியோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஐதராபாத்துப் பார்சிப் பெண்மணி ஒருவரின் வரலாறு இடம்பெறுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எம் பழைய மாணவிகளுள் வைத்தியரானோர் பலர். அவர்களுள் மயக்கமருந்துத் துறையைத் தெரிந்தெடுத்தவர்கள் குடாநாட்டிலும் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் சத்திரசிகிச்சைக் கூடங்களில் நிற்கிறார்கள். ஊரில் ஒருவர் சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பினால், வெட்டிய வைத்தியரின் பெயரை ஒழுங்கை முழுவதும் சொல்லும். மயக்கமருந்து கொடுத்தவர் யார் என்று கேட்டால் நோயாளிக்கே தெரியாது. தலைமாட்டில் நிற்கும் அந்தப் பிள்ளைகளுக்கு இத்துறையில் ஒரு மூதாதை உண்டு. அவரைப் பற்றித் தமிழில் எழுதியவர் குறைவு. ஆகவே நாம் எழுதுகிறோம்.

ரூபா பாய் அம்மையார் 1889ஆம் ஆண்டு ஐதராபாத் மருத்துவக் கல்லூரியிலே தேறியவர். அன்று தொடக்கம் குளோரோபோம் கொடுப்பதைத் தம் தொழிலாகக் கொண்டார். உலகின் முதலாவது தகைமை பெற்ற பெண் மயக்கமருந்து வைத்தியர் என்று இத்துறையின் வரலாற்றை எழுதுவோர் அவரைக் குறிப்பிடுகின்றனர். முதலாவது என்ற பட்டத்துக்கு எப்போதும் போட்டியுண்டு. அமெரிக்காவில் கன்னியர் மடத்துத் தாதியர் சிலர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நோயாளிகளை மயக்கமுறச் செய்து வந்தார்கள். ஆனால் வைத்தியராகத் தேறி, அதன் பின் இதையே துறையாகக் கொண்ட பெண் என்று பார்த்தால் ரூபா பாயின் பெயரே முதலில் நிற்கிறது.

அவருடைய வாழ்க்கையை விளங்கிக்கொள்ள, அவர் கையிலெடுத்த அந்த மருந்தின் கதையை முதலில் சொல்லவேண்டும். அக்கதையில் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு சிறு பங்கு உண்டு.

மயக்கமருந்து இல்லாத சத்திரசிகிச்சை எப்படி இருக்கும் என்று எம் மக்களுக்கு விளக்க நூற்றைம்பது ஆண்டு பின்னே போகவேண்டியதில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் குடாநாட்டு வைத்தியசாலைகள் எதற்கெல்லாம் தட்டுப்பட்டன என்பது இம்மலரை வாசிக்கும் பலருக்கு நினைவிருக்கும். 2009இல் வன்னியில் மயக்கமருந்து போதாத நிலையிலே கையும் காலும் அகற்றப்பட்டவர்கள் எம்மிடையே இன்றும் வாழ்கிறார்கள். 1846க்கு முன் உலகம் முழுவதும் அப்படித்தான் இருந்தது. நான்கு பேர் அமுக்கிப் பிடிக்க, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் வெட்டி முடிப்பவரே கெட்டிக்கார வைத்தியர்.

1846 ஒக்ரோபர் 16ஆம் நாள் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், மசாச்சுசெற்ஸ் பொது வைத்தியசாலையில், மோட்டன் என்ற பல் வைத்தியர் ஈதர் ஆவியை ஒருவருக்குச் சுவாசிக்கக் கொடுத்தார். கழுத்திலிருந்த கட்டியை வைத்தியர் வெட்டியபோது அந்த மனிதன் கத்தவில்லை. பொஸ்டன் என்றவுடன் எமக்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை திறந்த அமெரிக்க மிஷனின் தலைமையகம் அந்த நகரத்திலேதான் இருந்தது. அதே மசாச்சுசெற்ஸ் மாநிலத்தவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற இளம் வைத்தியர், ஈதர் அரங்கேறிய மறு வருடமே, அந்த மிஷனால் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டார். மானிப்பாயில் அவர் நடத்திய வைத்தியப் பாடசாலையையும், பின்னர் அவர் தமிழிலேயே வைத்தியம் கற்பித்ததையும் யாழ்ப்பாணத்தார் நன்கறிவர். 1867இல் அவர் தமிழில் வெளியிட்ட இரணவைத்தியம் பெரிய நூல். ஆனால் அவரிடம் கற்றவர்கள் எல்லாரும் ஆண்பிள்ளைகள்.

கிறீன் வந்திறங்கிய அதே 1847இல், நவம்பர் மாதம், ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் பிள்ளைப்பேற்று வைத்தியரான ஜேம்ஸ் சிம்சன் தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலே நண்பர் இருவரோடு குளோரோபோமை முகர்ந்து பார்த்தார். மூவரும் மேசைக்குக் கீழே விழுந்தார்கள். எழுந்தவுடன் சிம்சன் அதைத் தம் பிரசவ நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். ஈதரைவிட மணம் இனிது. சில துளி போதும். விரைவில் மயக்கம் வரும். பிரசவ வேதனையைப் போக்குவது தகுமா என்று மதத்தார் சிலர் எதிர்த்தனர். 1853இல் விக்ரோறியா மகாராணியே தம் எட்டாவது பிள்ளையைப் பெறும்போது குளோரோபோமை ஏற்றுக்கொண்டதோடு அந்த எதிர்ப்பு அடங்கிற்று.

ஆனால் அதற்குள்ளேயே ஒரு மரணம் நடந்துவிட்டது. 1848 ஜனவரியில், இங்கிலாந்தின் வடக்கே ஒரு கிராமத்தில், ஹன்னா கிறீனர் என்ற 15 வயதுப் பிள்ளைக்குக் கால் நகம் ஒன்றை அகற்ற வேண்டியிருந்தது. எம் பத்தாம் பதினோராம் வகுப்புப் பிள்ளையின் வயது. அவள் பயந்து அழுதபடியே கதிரையில் இருந்தாள். துணியில் ஒரு தேக்கரண்டி அளவு குளோரோபோமை ஊற்றி மூக்கருகே பிடித்தார்கள். சில நிமிடத்தில் உயிர் போயிற்று. அதன் பின் அதுபோன்ற மரணங்கள் ஆண்டுதோறும் நடந்தன. பெரும்பாலும் சுகதேகிகள், சிறு சத்திரசிகிச்சைகள், தொடக்கத்திலேயே திடீர் முடிவு.

ஏன் இறந்தார்கள் என்பதில் வைத்திய உலகம் இரண்டாகப் பிரிந்தது. ஜோன் ஸ்னோவும் இலண்டன் வைத்தியரும், குளோரோபோம் இருதயத்தை நிறுத்துகிறது, ஆகவே நாடியைப் பிடித்துக்கொண்டிரு என்றனர். எடின்பரோவில் சைம் என்ற புகழ்பெற்ற சத்திரவைத்தியர், முதலில் நிற்பது மூச்சே, ஆகவே மூச்சைப் பார், நாடியை மறந்துவிடு என்று கற்பித்தார். இந்தச் சைமிடம் படித்த ஒருவர்தான் ரூபா பாயின் ஆசிரியரானார்.

எட்வேர்ட் லோறி 1885இல் ஐதராபாத்தில் பிரித்தானிய றெசிடென்சியின் வைத்தியராகவும் மருத்துவக் கல்லூரியின் அதிபராகவும் பொறுப்பேற்றார். ஐதராபாத் அப்போது நிஜாம் ஆண்ட சுதேச சமஸ்தானம். அங்கே மருத்துவக் கல்லூரி 1846இலேயே தொடங்கி, உருது மொழியில் வைத்தியம் கற்பித்து வந்தது. தேறியவருக்குக் கொடுத்த பட்டம் ஹக்கீம். மானிப்பாயில் தமிழ், ஐதராபாத்தில் உருது. அக்காலத்தில் தாய்மொழியில் மேனாட்டு வைத்தியத்தைக் கற்பிக்கலாம் என்று நம்பியவர்கள் எமது தீவில் மட்டும் இருக்கவில்லை என்பதை இடையிலே குறித்துவைக்கிறோம்.

லோறி பதவியேற்ற அதே 1885இல் ஐந்து பெண்கள் மாணவிகளாகச் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ரூபா பாய். அதற்குப் பத்தாண்டுக்கு முன்னரே சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களுக்கு இடமளித்திருந்தது. ஆனால் பெரும்பகுதி பெண்கள் கோஷா முறையில் வாழ்ந்த ஒரு சமஸ்தானத்தில், ஆண் மாணவர் நடுவே ஐந்து பெண்கள் உடற்கூறு படிக்க இருந்தது சிறிய காரியமில்லை. கொழும்பு மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்க 1892 வரை சென்றது.

ரூபா பாய் பார்சிச் சமூகத்தவர். பாரசீகத்திலிருந்து குடியேறி, சொராஸ்டிரர் சமயத்தைக் காத்துவந்த இச்சிறு சமூகம் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவதில் பம்பாயிலும் பிற இடங்களிலும் முன்னின்றது. கோஷாக் கட்டுப்பாடும் அவர்களிடையே இறுக்கமாக இருக்கவில்லை. ஆகவே வெளியே வந்து படிக்க அவருக்கு வழி இருந்தது. அந்த வழியில் எவ்வளவு தூரம் போவது என்பதை அவரே தீர்மானித்தார்.

லோறியின் கல்லூரியில் குளோரோபோம் ஒரு பாடம் மட்டும் அல்ல, கொள்கை. சிலர் கண்ணில் பிடிவாதம். அதைக் கொடுக்கும் முறையை அவர் மாணவருக்குக் கையோடு காட்டிப் பழக்கினார். அம்முறையைச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். ரூபா பாயின் முப்பதாண்டு வேலை அதுதான்.

நோயாளியை மல்லாக்காகக் கிடத்த வேண்டும். கழுத்திலும் மார்பிலும் வயிற்றிலும் இறுக்கமான உடுப்பு எதுவும் இருக்கக்கூடாது. துணியைக் கூம்புபோல மடித்து, அதன் நுனியில் சிறிது பஞ்சு வைத்து, குளோரோபோமை அதிலே விடவேண்டும். கூம்பை முதலில் முகத்துக்குச் சற்று எட்டப் பிடித்து, நோயாளி மூச்சை அடக்காமலும் திமிறாமலும் பழகவிட்டு, மெல்லக் கிட்டக் கொண்டுவர வேண்டும். கொடுப்பவரின் கண் ஒரு கணமும் மூச்சை விட்டு விலகக்கூடாது. வெட்டுகிற இடத்தை எட்டிப் பார்ப்பது பெருங்குற்றம். விரல் நுனியால் கண்விழியைத் தொட்டும் இமை கொட்டாவிட்டால் மயக்கம் போதும். அந்த நேரமே மருந்தை நிறுத்த வேண்டும். மூச்சில் சிறு தடை தெரிந்தாலும் கீழ்த்தாடையை மேலே தூக்கவேண்டும். தேவைப்பட்டால் நாக்கை இடுக்கியால் வெளியே இழுக்கவேண்டும்.

இன்று தலைமாட்டில் நிற்கும் எம் தங்கைமார் இதை வாசித்துச் சிரிக்கமாட்டார்கள். கருவிகளும் திரைகளும் எத்தனை வந்தாலும், தாடையைத் தூக்கி மூச்சுக்கு வழிவிடுவதை அவர்கள் முதல் வாரத்திலேயே பழகியிருப்பார்கள்.

ரூபா பாய் மாணவியாக இருந்த ஆண்டுகளிலேயே ஐதராபாத்தின் பெயர் உலக வைத்திய ஏடுகளில் அடிபடத் தொடங்கியது. 1888இல் லோறி நிஜாமின் ஆதரவோடு ஓர் ஆணைக்குழு அமைத்து, மிருகங்களில் குளோரோபோமைப் பரிசோதித்து, மூச்சு நின்ற பின்னரே இருதயம் நிற்கிறது என்று அறிக்கை வெளியிட்டார். இலண்டனின் லான்செற் சஞ்சிகை அதை ஏற்கவில்லை. நிஜாம் மகபூப் அலி கான், லான்செற் தம் சார்பில் ஓர் நிபுணரை அனுப்பட்டும், செலவுக்கு ஆயிரம் பவுண் தருகிறேன் என்று அறிவித்தார். வந்தவர் லோடர் பிரன்டன் என்ற பெரிய மருந்தியல் அறிஞர். அவர் இருதயக் கட்சியைச் சேர்ந்தவர். 1889 இறுதியில் இரண்டாவது ஆணைக்குழு நானூறுக்கும் மேற்பட்ட மிருகங்களில் பரிசோதனை நடத்தியது. முடிவில் பிரன்டனே மனம் மாறி, லோறி சொன்னது சரி என்று இலண்டனுக்குத் தந்தி அனுப்பினார்.

அந்த ஆண்டேதான் ரூபா பாய் ஹக்கீம் பட்டம் பெற்று வெளியே வந்தார். குளோரோபோமைப் பற்றிய விவாதத்தின் நடு முற்றத்தில், அதன் சூடு தணியாத நேரத்தில், ஒரு பெண் குளோரோபோமியாகத் தொழில் தொடங்கினார் என்பதைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். ஒரு நோயாளி மேசையில் இறந்திருந்தால் இலண்டனில் எதிர்க்கட்சிக்குப் பெரிய வாய்ப்பு. பெண் கொடுத்தாள் என்று சொல்ல உள்ளூரிலும் ஆள் இருந்திருப்பார்கள்.

அவர் வேலை செய்த இடங்கள் மூன்று. றெசிடென்சி வைத்தியசாலை, நகரின் பெரிய வைத்தியசாலையான அப்சல்கஞ்ச், பெண்களுக்கென அமைந்த விக்ரோறியா ஸெனானா வைத்தியசாலை. 1917 வரை அவர் இவற்றில் மயக்கமருந்து கொடுத்தார். 28 ஆண்டுகள்.

கோஷாப் பெண்கள் அக்காலத்தில் ஆண் வைத்தியரிடம் நாடி காட்டவே திரைக்குப் பின்னிருந்து கையை மட்டும் நீட்டுவார்கள். அப்படிப்பட்ட ஒரு பெண்ணை, உடுப்பைத் தளர்த்திப் படுக்கச் சொல்லி, அந்நிய ஆண் ஒருவர் முகத்தில் துணி வைத்து உணர்விழக்கச் செய்வது எப்படி முடியும்? உணர்விழந்த பின் தனக்கு என்ன நடக்கும் என்ற பயம் கத்தியின் பயத்தைவிடப் பெரிதாக இருந்திருக்கும். எத்தனையோ பெண்கள் அந்தப் பயத்தாலேயே வைத்தியசாலைப் பக்கம் போகாமல் செத்தார்கள். இதைப் போக்கத்தான் சென்னையிலே 1885இல் கோஷா வைத்தியசாலை தோன்றியது. அதே ஆண்டிலே டவ்ரின் சீமாட்டியின் நிதியும் தொடங்கியது. எமது குடாநாட்டில் லீச் சகோதரிகள் ஊரூராகப் பணம் திரட்டிய முயற்சியால் 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அங்கே பிறந்தவர்களும், அங்கே பிறந்த தாய்மாரின் பிள்ளைகளும் இதை வாசிப்போருள் எத்தனை பேர்! அந்த வைத்தியசாலைக்கென்று கனடாவிலிருந்து புறப்பட்ட மேரி என்ற வைத்தியர் யாழ்ப்பாணத் தமிழரான இரத்தினத்தை மணந்ததற்காக மிஷன் அவரை வேண்டாமென்றது வேறு கதை. அது தனிக்கட்டுரை எழுதத் தக்கது.

ரூபா பாயின் தலைமாட்டில் படுத்த பெண் கண்ணை மூடும்போது கடைசியாகப் பார்த்தது ஒரு பெண்ணின் முகத்தை. இதன் பெறுமதி அப்போது எவருக்கும் முழுதாகத் தெரிந்திருக்கவில்லை. பின்னர் தெரியவந்தது, அதற்கு வருவோம்.

1908 செப்ரெம்பர் 28ஆம் நாள் மூசி ஆறு பெருகி ஐதராபாத்தை மூடியது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். ஆற்றங்கரையிலிருந்த அப்சல்கஞ்ச் வைத்தியசாலை அழிந்துபோயிற்று. அந்த வளவில் நின்ற ஒரு புளியமரத்தில் ஏறி 150 பேரளவில் உயிர் தப்பினார்கள். அந்த மரத்தை இன்றும் அங்கே காட்டுவார்கள். ரூபா பாய் இருபதாண்டு நடமாடிய சத்திரசிகிச்சைக் கூடம் ஓர் இரவில் இல்லாமற் போனது.

மறு ஆண்டு, 1909இல், அவர் எடின்பரோவுக்குக் கப்பலேறினார். அன்னி பெசன்ட் அம்மையாரின் ஆதரவு அவருக்கு இருந்தது. தொழிலில் இருபதாண்டு முடிந்து, பலருக்குக் கற்றுக்கொடுக்கும் நிலையில் உள்ள ஒருவர், மாணவியாக வாங்கிலே இருக்கப் போனார். இந்த வரலாற்றில் எமக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சத்திரவைத்தியமோ பிள்ளைப்பேற்று வைத்தியமோ படிக்க அவர் போகவில்லை. பௌதிகமும் இரசாயனமும் படிக்கப் போனார். மயக்கமருந்தில் பட்டமோ டிப்ளோமாவோ அக்காலத்தில் உலகில் எங்கும் இல்லை; பிரித்தானியாவில் அப்படி ஒரு டிப்ளோமா 1935இல்தான் வந்தது. தம் கையிலுள்ள மருந்து ஆவியாவது எப்படி, சூட்டுக்கும் குளிருக்கும் அதன் அளவு மாறுவது எப்படி, வெளிச்சத்திலே அது கெட்டு நஞ்சாவது ஏன் என்றெல்லாம் அறிய வேண்டுமானால் இந்த இரண்டு பாடங்களையும்விட வேறு வாசல் இல்லை. ஐதராபாத்தின் வெயிலில் இருபதாண்டு போத்தல் திறந்தவருக்கு இக்கேள்விகள் எல்லாம் நித்தியக் கேள்விகள். உயர்தரத்தில் இரசாயனப் பரிசோதனைக் கூடத்தின் நாற்றத்தைத் திட்டியபடி படித்த எங்களுக்கு அவருடைய ஆசை கொஞ்சம் ஆச்சரியந்தான்.

எடின்பரோவைத் தெரிந்துகொண்டதற்கும் காரணம் இருந்தது. சிம்சன் மேசைக்குக் கீழ் விழுந்த நகரம் அது. சைம் கற்பித்ததும் லோறி கற்றதும் அங்கே. ஆனால் பெண்களை அந்நகரம் எப்போதும் வரவேற்றது என்று எண்ணவேண்டாம். 1870இல், மருத்துவம் படிக்கச் சேர்ந்த பெண்கள் உடற்கூற்றுப் பரீட்சை எழுதப் போனபோது, மாணவர் கூட்டம் வாயிலை மறித்து அவர்கள்மேல் சேறு எறிந்தது. பரீட்சை மண்டபத்துக்குள் ஓர் ஆட்டையும் துரத்திவிட்டார்கள். அப்பெண்களுக்குப் பல்கலைக்கழகம் அன்று பட்டம் கொடுக்கவில்லை. அது நடந்து நாற்பதாண்டு ஆவதற்குள் ரூபா பாய் அதே நகரிலே படித்தார்.

அவர் எடின்பரோவுக்குப் போன இரண்டு ஆண்டுகளில் ஒரு கண்டுபிடிப்பு வந்தது. 1911இல் கூட்மன் லீவி என்ற இங்கிலாந்து வைத்தியர், பூனைகளில் செய்த பரிசோதனையால், குளோரோபோம் திடீரென்று கொல்வது எப்படி என்று காட்டினார். ஆழ்ந்த மயக்கத்தில் அந்த ஆபத்துக் குறைவு. அரைகுறை மயக்கத்தில், பயத்தாலோ வலியாலோ உடலில் அட்றினலின் சுரந்து இருதயத்தை அடைந்தால், குளோரோபோமால் பதம் கெட்டிருக்கும் இருதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டு நடுங்கத் தொடங்கும். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடியும். அப்படியானால் இருதயம் முதலில் நிற்பதும் உண்டு. லோறியின் கொள்கையில் பாதி பிழை. ஆயிரம் பவுணும் நானூறு மிருகங்களும் அதை மறைத்துவிட்டிருந்தன.

இதை மூடிமறைத்து எழுதினால் ரூபா பாய்க்கு நாம் நீதி செய்தவர்களாக மாட்டோம். அவர் கற்றது அரை உண்மை. நாடியைப் பாராதே என்று கற்பிக்கப்பட்ட கல்லூரியின் பிள்ளை அவர். ஐதராபாத்தின் பேச்சைக் கேட்டு வேறிடங்களில் நாடியைக் கவனியாமல் விட்டதால் இறந்தவர்களும் இருந்திருப்பார்கள் என்று பிற்கால வைத்தியர்கள் லோறியைக் குறைகூறினார்கள். அது நியாயமான குறை.

ஆனால் லீவியின் கண்டுபிடிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஸெனானா வைத்தியசாலையைத் திரும்பிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கொல்வது பயம். ஹன்னா கிறீனர் அழுதுகொண்டிருந்தாள். அவசரமாக மூக்கில் துணி வைத்தார்கள். ஐதராபாத் முறையில் கூம்பை எட்டப் பிடித்து மெல்லப் பழக்குவார்கள், நோயாளி திமிறவிடமாட்டார்கள். அங்கே தலைமாட்டில் நின்றவரும் ஒரு பெண், நோயாளியும் பெண். அந்நிய ஆணின் கை முகத்தில் விழும் என்ற கிலி அந்தக் கட்டிலில் இல்லை. கொள்கை சொல்லாத ஒரு காவல் அந்த அறையில் இருந்திருக்கிறது என்றே நாம் நினைக்கிறோம். ஸெனானாவுக்குப் பெண் வைத்தியர் வேண்டும் என்று அக்காலத்தார் கேட்டது மானத்துக்காக. அது உயிருக்காகவும் என்று இரசாயனம் பின்னர் சொல்லிற்று.

எமது மயக்கமருந்து வைத்தியர்கள் சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் வாட்டுக்கு வந்து, கட்டிலருகே இருந்து, பல் ஆடுகிறதா, முன்பு மயக்கமருந்து எடுத்ததுண்டா, வீட்டில் யார் யார் என்று கதைத்துவிட்டுப் போவார்கள். ஏதோ படிவம் நிரப்புகிறார்கள் என்றுதான் நோயாளி நினைப்பார். அந்தக் கதையும் மருந்துதான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

குளோரோபோம் இப்போது சத்திரசிகிச்சைக் கூடங்களில் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அதைவிடப் பாதுகாப்பான மருந்துகள் வந்து அதை ஒதுக்கிவிட்டன. கொழும்பு மருத்துவக் கல்லூரியில் 1892இல் நுழைந்த பெண்களின் வரிசை நீண்டு, 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு மருத்துவபீடம் வந்தபோது எம் பிள்ளைகள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய் வைத்தியம் படித்தார்கள். ஊரில் எஞ்சிய வைத்தியர் சிலரே என்ற காலத்திலும் அவர்களுள் சிலர் இடம்பெயராமல் நின்றார்கள். அவர்களின் பெயர்களை இங்கே எழுதினால் அவர்களே எம்மைக் கோபிப்பார்கள்.

ரூபா பாய் எடின்பரோவிலிருந்து ஐதராபாத்துக்கே திரும்பினார். வெளியூர்ப் படிப்பு முடித்தவர் அங்கேயே தங்கிவிடுவதைக் குறையாகச் சொல்லும் நோக்கம் எமக்கில்லை. எம் சங்கத்தின் பாதிக் கிளைகள் கடல் கடந்தவை. அவருக்கு மட்டும் திரும்புவதற்கு ஒரு காரணம் இருந்தது: கற்ற இரசாயனத்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டிய கட்டில்கள் அங்கே இருந்தன. 1917வரை தலைமாட்டில் நின்றார். 1920இல் சாதர்காட் வைத்தியசாலையின் அத்தியட்சகர் பதவியிலிருந்து ஓய்வுபெற்றார். மாணவியாகச் சேர்ந்த ஐந்து பெண்களில் ஒருவர், 35 ஆண்டுகள் கழித்து, ஒரு வைத்தியசாலையையே நடத்திவிட்டு இறங்கினார்.

மூசி ஆறு கொண்டுபோன அப்சல்கஞ்ச் வைத்தியசாலைக்குப் பதிலாக 1920களில் அதே ஆற்றங்கரையில் பெரிய மாடங்களோடு உஸ்மானியா பொது வைத்தியசாலை எழுந்தது. றெசிடென்சி வைத்தியசாலை இருந்த சுல்தான் பசாரில் இன்றும் அரசாங்கப் பிள்ளைப்பேற்று வைத்தியசாலை நடக்கிறது. லோறி யாருக்கு வைத்தியராக வந்தாரோ அந்தப் பிரித்தானிய றெசிடென்சி மாளிகை, வெள்ளைத் தூண்களோடு, 1949இல் பெண்கள் கல்லூரியாயிற்று.